பட்டிருப்பு இராசமாணிக்கமும் 1965 இன் தேசிய அரசாங்கமும்

கொழும்பில் அரசாங்கம் ஒன்று பெரும்பான்மையின்றித் தள்ளாடும் போதெல்லாம் தமிழ்ப் பிரதிநிதிகளின் வாசற்கதவு தட்டப்படுவது இந்நாட்டு அரசியலின் நெடுங்கால வழக்கம். 1960 இல் தட்டப்பட்டது. 1965 இல் தட்டப்பட்டது. 2015 இலும் 2018 இலும் தட்டப்பட்டது. கேட்ட ஆதரவைப் பெற்றவர்கள் தம் ஆசனங்களில் உறுதியாக அமர்ந்துகொண்டனர். ஆதரவைக் கொடுத்தவர்கள் தம் மக்களிடம் திரும்பிச் சென்றபோது எதைக் கொண்டு சென்றனர் என்ற வினா மட்டும் ஒவ்வொரு முறையும் எஞ்சி நிற்கின்றது.

இந்த வினாவைத் தம் அரசியல் வாழ்வில் முழுமையாக எதிர்கொண்டவர்களுள் ஒருவர், மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியிலிருந்து நான்கு முறை பாராளுமன்றம் சென்ற அமரர் எஸ்.எம். இராசமாணிக்கம் அவர்கள். இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவராகவும் விளங்கிய அவருடைய பெயரை இன்றைய இளந்தலைமுறையினர் அவரது பேரனார் வழியாகவே பெரிதும் அறிவர். ஆனால் பாட்டனாரின் வாழ்க்கை தனித்து நோக்கத்தக்கது. ஓர் அரசாங்கத்தை வீழ்த்துவதிலும், மற்றோர் அரசாங்கத்தை நிலைநிறுத்துவதிலும் பங்கேற்று, அவ்விரண்டின் விளைவுகளையும் அனுபவித்தவர் அவர்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை; மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. எழுவான்கரையில் பிரதான வீதியும் பாடசாலைகளும் கடைத்தெருக்களும் வளர்ந்தன. படுவான்கரையில் நெல் விளைந்தது. இரு கரைகளையும் இணைத்தவை சில பாலங்களும், பாதை என்று இப்பகுதி மக்கள் அழைக்கும் மிதவைகளுமே. களுவாஞ்சிகுடி, கல்லாறு, குருமன்வெளி ஆகிய எழுவான்கரை ஊர்களையும், பழுகாமம், வெல்லாவெளி, சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் ஆலயம் அமைந்த மண்டூர் ஆகிய படுவான்கரை ஊர்களையும் ஒருங்கே கொண்டிருந்தது பட்டிருப்புத் தொகுதி.

இந்தத் தொகுதியின் சமூக அமைப்பில் போடியார்களுக்குத் தனியிடம் இருந்தது. பெருந்தொகையான வயற்காணிகளை உடைமையாகக் கொண்டு, முல்லைக்காரர்களை வைத்து வேளாண்மை செய்வித்து, கோயில் நிர்வாகத்திலும் ஊர் வழக்குகளிலும் சொல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் அவர்கள். அத்தகைய போடியார் குடும்பமொன்றில் 1913 ஆம் ஆண்டு பிறந்தவர் இராசமாணிக்கம். நிலமும் நீரும் மட்டக்களப்பு உழவர் வாழ்வில் எத்தகைய இடத்தைப் பெறுகின்றன என்பதை அவர் நூல்களில் படித்து அறியவேண்டியிருக்கவில்லை.

1952 பொதுத் தேர்தலில் பட்டிருப்புத் தொகுதியில் சுயேச்சை வேட்பாளராக நின்று வெற்றி பெற்று அவர் முதன்முறையாகப் பாராளுமன்றம் சென்றார். அக்காலத்தில் கிழக்கின் அரசியல், கட்சிகளின் அரசியலாக இன்னும் மாறியிருக்கவில்லை. குடி வழிச் சொந்தமும், குடும்பச் செல்வாக்கும், வேட்பாளரின் தனிப்பட்ட மதிப்பும் வாக்குகளைத் தீர்மானித்தன. 1949 டிசம்பரில் தோற்றம் பெற்ற தமிழரசுக் கட்சி 1952 தேர்தலில் நாடு முழுவதிலும் இரண்டு ஆசனங்களை மட்டுமே பெற்றது. அவை கோப்பாயும் திருகோணமலையுமாகும். கட்சியின் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோல்வி கண்டார். சமஷ்டி என்ற சொல் வாவிக்கரையின் வீடுகளுக்குள் இன்னும் நுழையவில்லை.

அதனை நுழையச் செய்தவை இரண்டு. ஒன்று மொழி, மற்றையது நிலம். வடக்கில் மொழிப் பிரச்சினை முன்னின்றது. மட்டக்களப்பில் நிலம் அதனோடு சமமாக நின்றது. 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயா அபிவிருத்தித் திட்டம் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருநீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அம்பாறையைச் சுற்றிய காடுகளைக் கழனிகளாக்கியது. ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்கள் பிற மாவட்டங்களிலிருந்து அங்கே குடியேற்றப்பட்டன. திட்டத்தினால் தமிழ், முஸ்லிம் உழவர்களும் நீர் பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் குடித்தொகைச் சமநிலையை மாற்றிய நடவடிக்கை ஒன்று, அம்மாவட்ட மக்களின் சம்மதம் கேட்கப்படாமலே நிறைவேறிக்கொண்டிருந்தது. 1956 ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட வேளையில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர்கள் மீது வன்முறை கட்டவிழ்ந்தபோது, மொழியும் நிலமும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பது கிழக்கு மக்களுக்குப் புலனாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராகப் பட்டிருப்பில் நின்றார். கட்சி பத்து ஆசனங்களைப் பெற்று எழுச்சி கண்ட அத்தேர்தலில், அவர் எஸ்.யூ. எதிர்மன்னசிங்கத்திடம் தோற்றார். கட்சிச் சார்பின்றி வென்ற தொகுதியைக் கட்சியில் சேர்ந்தபின் இழந்தமை சாதாரண அரசியல்வாதி ஒருவரைப் பழைய வழிக்கே திருப்பியிருக்கும். அதே காலத்தில் கிழக்கில் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்ற எம்.எஸ். காரியப்பர், எம்.எம். முஸ்தபா ஆகியோர் பின்னர் ஆளுந்தரப்புக்கு மாறிச் சென்றனர். ஆட்சியில் இருப்போருடன் நின்றால்தான் வீதியும் குளமும் உத்தியோகமும் கிடைக்கும் என்ற வாதம் கிழக்கில் என்றும் வலிமையானது. தோற்றபின்னும் இராசமாணிக்கம் கட்சியை விட்டகலவில்லை.

1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், பிரதேச சபைகளுக்குக் குடியேற்றத் திட்டங்கள் தொடர்பான அதிகாரங்களை வழங்க இணங்கியது. கிழக்கு மக்கள் அதனை எதிர்பார்ப்புடன் நோக்கியதில் வியப்பில்லை. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. அடுத்த மாதம் வெடித்த இன வன்செயல்களின் தொடக்கமே, வவுனியாவில் நடைபெறவிருந்த தமிழரசு மாநாட்டிற்குத் தொண்டர்கள் செல்கிறார்கள் என்று கருதப்பட்ட மட்டக்களப்பு ரயில் பொலனறுவையில் தாக்கப்பட்டமைதான். ஒரு பிரதமர் கொடுத்த கையெழுத்தைப் பாதுகாக்க ஓர் அரசாங்கத்தின் பெரும்பான்மை போதாது என்ற முதற்பாடம் அப்போது புகட்டப்பட்டது.

1960 மார்ச் தேர்தல் இராசமாணிக்கத்தை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனங்களும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46 ஆசனங்களும் கிடைத்தன. தமிழரசுக் கட்சி 15 ஆசனங்களைப் பெற்றது. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனநாயக்க சிறுபான்மை அரசாங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டு தமிழரசுக் கட்சியின் ஆதரவை நாடினார். கட்சி நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. பிரதேச சுயாட்சி, வடக்கு கிழக்கில் தமிழின் நிருவாக உரிமை, மலையகத் தமிழரின் பிரசாவுரிமை, அம்மக்களுக்குரிய நியமன உறுப்பினர்கள் என்பனவே அவை. டட்லி அவற்றை ஏற்கவில்லை.

சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பு 1960 ஏப்ரல் 22 ஆம் திகதி நடைபெற்றது. அரசாங்கத்துக்கு ஆதரவாக 61 வாக்குகளும் எதிராக 86 வாக்குகளும் விழுந்தன. ஒரு மாதமே வாழ்ந்த அரசாங்கம் கவிழ்ந்தது. பட்டிருப்பின் உறுப்பினர் உட்படத் தமிழரசுக் கட்சியினர் எதிரணியுடன் இணைந்தே வாக்களித்தனர். கைவிடப்பட்ட ஒப்பந்தத்தின் அடிப்படையில் தீர்வு காணப்படும் என்று சுதந்திரக் கட்சி அளித்த உறுதியை நம்பியே அந்த முடிவு எடுக்கப்பட்டது. மாற்று அரசாங்கம் ஒன்றை அமைக்க எதிரணிக்கு அழைப்பு விடுப்பதற்குப் பதிலாகத் தேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க பாராளுமன்றத்தைக் கலைத்தார்.

ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. அதன் நேசக் கட்சிகளோடு சேர்த்துப் பார்க்கையில் தமிழரசுக் கட்சியின் 16 ஆசனங்களும் தேவையற்றவையாயின. இராசமாணிக்கம் மீண்டும் வென்றார். ஆனால் வெற்றியின் பொருள் நான்கே மாதத்தில் மாறிவிட்டிருந்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1961 ஜனவரி முதல் நாடெங்கும் சிங்களத்தை நிருவாக மொழியாக்கியது. நீதிமன்ற மொழிச் சட்டத்தையும் நிறைவேற்றியது. தேவை இருந்தபோது அளிக்கப்பட்ட உறுதி, தேவை தீர்ந்ததும் மறக்கப்பட்டது.

அதன் எதிரொலியே 1961 சத்தியாக்கிரகம். பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி முன்பாகத் தொடங்கிய அப்போராட்டம் அம்மாத இறுதியில் மட்டக்களப்புக்கும் பரவியது. மட்டக்களப்புக் கச்சேரி, வாவியின் கரையில் உள்ள பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குள் அமைந்திருந்தது. அக்கோட்டை வாயிலில் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்த உழவர்களும் பெண்களும் மாணவர்களும், அவர்களுடன் முஸ்லிம் மக்களும் அமர்ந்து அரசாங்க அலுவல்களை நிறுத்தினர். ஏப்ரல் 17 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு இராணுவம் அனுப்பப்பட்டது. தமிழரசுக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கைது செய்யப்பட்டுப் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். இராசமாணிக்கமும் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை என்ற தனி மாவட்டமாயிற்று.

தேர்தல் வெற்றியாலும் பயனில்லை, அறவழிப் போராட்டத்தாலும் பயனில்லை என்ற நிலையில் எஞ்சியிருந்தது ஒரே வழி. அது ஆட்சியில் பங்குகொள்வது. 1964 டிசம்பர் 3 ஆம் திகதி சி.பி. டி சில்வா உள்ளிட்டோர் கட்சி மாறியதால் ஸ்ரீமாவோ அரசாங்கம் ஒரே ஒரு வாக்கினால் தோல்வியுற்றது. 1965 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 ஆசனங்கள் கிடைத்தன. 151 பேர் தெரிவாகும் சபையில் அது போதாது. சுதந்திரக் கட்சி 41 ஆசனங்களையும் தமிழரசுக் கட்சி 14 ஆசனங்களையும் பெற்றன. பட்டிருப்பில் இராசமாணிக்கம் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றார். இரு பெருங்கட்சிகளும் அந்த 14 பேரை நோக்கித் திரும்பின.

மார்ச் 24 ஆம் திகதி டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திட்டனர். வடக்கு கிழக்கில் நிருவாகத்துக்கும் பதிவுகளுக்கும் தமிழைப் பயன்படுத்துவது, நீதிமன்ற மொழிச் சட்டத்தைத் திருத்தி அம்மாகாணங்களில் தமிழில் வழக்கு நடத்த இடமளிப்பது, மாவட்ட சபைகளை நிறுவுவது, குடியேற்றத் திட்டங்களில் காணி வழங்கும் முறையை ஒழுங்கு செய்வது என்பன அதன் உள்ளடக்கம். காணி தொடர்பான பகுதியே மட்டக்களப்பாருக்கு உயிர்நாடி. வடக்கு கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் முதலிடம் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கு. இரண்டாமிடம் அவ்விரு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு. மூன்றாமிடம் நாட்டின் ஏனைய பிரசைகளுக்கு, அவர்களுள்ளும் ஏனைய பகுதிகளில் வாழும் தமிழருக்கு முன்னுரிமை என அது வகுத்தது. கல்லோயாவைக் கண்ணெதிரே கண்டிருந்த ஒருவருக்கு இந்த வரிசை எத்துணை நம்பிக்கை அளித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஏழு கட்சிகளின் கூட்டாக அமைந்த அந்த ஆட்சி தேசிய அரசாங்கம் என்று அழைக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி தன் பாராளுமன்ற உறுப்பினர் எவரையும் அமைச்சராக்கவில்லை. முன்னாள் மன்றாடியார் நாயகம் மு. திருச்செல்வம் செனட் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சராக நியமிக்கப்பட்டார். மாவட்ட சபைகள் அவ்வமைச்சின் கீழ் வரவேண்டியவை என்பதால் அத்தெரிவு காரணமுடையதே. எனினும் அரசாங்கத்தைத் தாங்கிய தொகுதிகளின் உறுப்பினர்கள் ஆளுந்தரப்பில் அமர்ந்திருந்தும் அமைச்சு அதிகாரமின்றி நிற்க வேண்டியதாயிற்று. பட்டிருப்பு உழவன் தன் உறுப்பினரை அரசாங்கத்தின் ஆள் என்று கருதிக் கேள்வி கேட்டான். அவ்வுறுப்பினரிடமோ பதில் சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை.

ஒப்பந்தத்தின் முதற்கட்டம் 1966 ஜனவரி 8 ஆம் திகதி நிறைவேறியது. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் அன்று பாராளுமன்றத்தில் ஏற்கப்பட்டன. வெளியே சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் அதற்கெதிராக ஊர்வலம் நடத்தின. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் பௌத்த பிக்கு ஒருவர் உயிரிழந்தார். அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. சமத்துவத்தின் பெயரால் தமிழரின் நட்பைப் பெற்றிருந்த லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த ஊர்வலத்தில் நின்றமை தமிழ் மக்கள் மனதில் ஆறாத வடுவாயிற்று. ஒழுங்குவிதிகள் ஏட்டில் எழுதப்பட்டன. அலுவலகங்களில் அவை பெரிதும் நடைமுறைக்கு வரவில்லை.

மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை 1968 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. மத்திய அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாகவே அச்சபைகள் வடிவமைக்கப்பட்டிருந்தன. அதனையும் எதிர்க்கட்சிகள் நாட்டைப் பிரிக்கும் முயற்சி என்றன. அதைவிட முக்கியமானது, ஐக்கிய தேசியக் கட்சியின் பின்வரிசையிலேயே எதிர்ப்புக் கிளம்பியமை. டட்லி பின்வாங்கினார். காணி வழங்கும் வரிசை பற்றிய வாக்குறுதியும் சட்ட வடிவம் பெறவில்லை. டட்லி சேனநாயக்க தனிப்பட்ட முறையில் நேர்மையாளர் என்பதை அவருடைய அரசியல் எதிரிகளும் ஒப்புக்கொண்டனர். ஆனால் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்குக் கைச்சாத்திட்டவரின் நேர்மை மட்டும் போதுவதில்லை. அவருடைய கட்சி அதற்கு உடன்பட வேண்டும். அக்கட்சியின் வாக்காளருக்கு அது விளக்கப்பட வேண்டும். அந்தப் பணி அரசாங்கத்தின் மூன்றாண்டு காலத்தில் தொடங்கப்படவே இல்லை.

இறுதி முறிவு திருகோணமலையில் ஏற்பட்டது. கோணேசர் ஆலயம் அமைந்த பிரெட்ரிக் கோட்டைப் பகுதியைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் திருச்செல்வம் நியமித்த குழுவின் பணியை, பௌத்த பிக்கு ஒருவரின் ஆட்சேபனையைத் தொடர்ந்து பிரதமர் நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். 1968 இல் தமிழரசுக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. வெளியேறிய பின்னரும் அது அரசாங்கத்தைக் கவிழ்க்க முற்படவில்லை. டட்லியின் அரசாங்கம் தன் ஐந்தாண்டு பதவிக்காலத்தை முழுமையாக நிறைவு செய்தது. சுதந்திர இலங்கையில் அவ்வாறு முழுக்காலமும் நீடித்த முதல் பாராளுமன்ற அரசாங்கம் அதுவே. அந்த நிலைபேற்றுக்குத் தமிழரசுக் கட்சியின் பொறுமை ஒரு முக்கிய காரணம் என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை. கட்சிக்குள்ளோ அதன் விலை உயர்ந்துகொண்டிருந்தது. ஊர்காவற்றுறை உறுப்பினர் வி. நவரத்தினம் இந்தக் கூட்டுறவைக் கண்டித்துப் பிரிந்து சென்று தனிக்கட்சி தொடங்கினார்.

1970 மே 27 ஆம் திகதி தேர்தல் வந்தது. நாடெங்கும் ஸ்ரீமாவோவின் ஐக்கிய முன்னணி அலை வீசியது. ஐந்தாண்டு ஆட்சி செய்த ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களுடன் ஒடுங்கியது. அந்தப் பதினேழில் ஒன்று பட்டிருப்பு. அங்கே அக்கட்சியின் வேட்பாளர் எஸ். தம்பிராசா, இராசமாணிக்கத்தைத் தோற்கடித்தார். எந்தக் கட்சியின் அரசாங்கத்தை அவர் தம் வாக்கினால் தாங்கினாரோ, நாடெங்கும் வீழ்ந்துகொண்டிருந்த அதே கட்சியிடம் தம் சொந்தத் தொகுதியை இழந்தார்.

இதனை விதியின் விளையாட்டு என்று கூறி நகர்ந்துவிடுவது எளிது. ஆயினும் அரசியற் காரணங்களும் இருந்தன. டட்லி அரசாங்கத்தின் தலையாய முயற்சி உணவு உற்பத்திப் போர். 1966 டிசம்பரில் பங்கீட்டு அரிசி அரைவாசியாகக் குறைக்கப்பட்டபோது நகர மக்கள் சினமுற்றனர். நெல் விளைவிக்கும் உழவனுக்கோ அது சந்தையில் நல்ல விலையைத் தந்தது. உன்னிச்சை, நவகிரி முதலான குளங்களை நம்பிய படுவான்கரை, ஐக்கிய தேசியக் கட்சியைத் தன் வயல் வழியாகவே அளந்து பார்த்திருக்கக்கூடும். தமிழரசுக் கட்சி கொடுப்பதாகச் சொன்ன மாவட்ட சபையும் காணி உரிமையும் வந்து சேரவில்லை. ஆளுங்கட்சி கொடுத்த நெல் விலை கைக்கு வந்தது. அரசாங்கத்துடன் நிற்பதே சரி என்றால், அந்த அரசாங்கத்தின் கட்சிக்கே நேரடியாக வாக்களித்தால் என்ன என்று வாக்காளர் எண்ணியிருந்தால் அவர்களைக் குறைகூற முடியாது. அத்தேர்தலில் வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கமும் நல்லூரில் டாக்டர் இ.மு.வி. நாகநாதனும் தோற்றனர். தேசிய அரசாங்கத்தின் தோல்விக்கான கணக்கை வடக்கும் கிழக்கும் வெவ்வேறு முறையில் தீர்த்தன.

எழுவான்கரையும் படுவான்கரையும் அறிந்த அந்த மனிதர் அதற்குப்பின் பாராளுமன்றம் செல்லவில்லை. 1972 இல் புதிய குடியரசு யாப்பு, சிங்களத்தின் ஆட்சிமொழி நிலையை அடிப்படைச் சட்டமாக்கியது. பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை அளித்தது. சிறுபான்மையோருக்கு ஓரளவேனும் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29 ஆவது பிரிவைக் கைவிட்டது. 1974 இல் இராசமாணிக்கம் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976 மே மாதத்தில், வட்டுக்கோட்டை மாநாடு தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தேசிய அரசாங்கத்தின் உள்ளிருந்து உரிமை பெற முயன்ற தலைமுறையின் காலம் அத்துடன் முடிவுற்றது. அடுத்து வந்தது என்ன என்பதை வாவியின் இரு கரைகளும் இரத்தத்தால் அறியும்.

அவரது வாழ்விலிருந்து பெறத்தக்க பாடம் யாது? பேரம் பேசியமை தவறு என்று கொள்வோர் உளர். அவ்வாறாயின் அவர் செய்திருக்க வேண்டியது என்ன? எதிர்த்து வாக்களித்துப் பார்த்தார், வாயிலில் அமர்ந்து பார்த்தார், சிறையிருந்து பார்த்தார். ஆட்சியில் பங்கேற்பது அவர் காலத்தில் மீதமிருந்த ஒரே நாகரிகமான வழி. குறைபாடு பேரத்தின் அமைப்பில் இருந்தது. அரசாங்கம் தனக்கு வேண்டியதை முதல் நாளே பெற்றுக்கொண்டது. ஆதரவளித்தோர் தமக்கு வேண்டியதைக் காலவரையறை இன்றி, சட்ட உத்தரவாதம் இன்றி, பின்னர் பெறுவதாக ஒத்திவைத்தனர். ஒரு தரப்பு ரொக்கமும் மறுதரப்பு கடனுமாக நடந்த வாணிபம் அது.

இதே முறை 2015 இல் மீண்டும் நிகழ்ந்தது. ஐக்கிய தேசியக் கட்சியும் சுதந்திரக் கட்சியும் இணைந்து மீண்டும் தேசிய அரசாங்கம் ஒன்றை அமைத்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே அதற்குத் துணை நின்றது. 2016 இல் பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாக மாற்றப்பட்டது, 2017 இல் இடைக்கால அறிக்கை வந்தது, அதற்கப்பால் நகரவில்லை. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தபோது, மட்டக்களப்பைச் சேர்ந்த கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர் புதிய தரப்பில் பிரதியமைச்சரானார். டிசம்பர் 12 ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க மீது நம்பிக்கை தெரிவித்து விழுந்த 117 வாக்குகளில் கூட்டமைப்பின் வாக்குகளும் இருந்தன. அரசாங்கம் பிழைத்தது, யாப்பு பிழைக்கவில்லை.

எண்ணிக்கைதான் நிலைபேறு என்று கருதுவோரும் இவ்வரலாற்றை நோக்க வேண்டும். 1970 இல் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் வந்தது. ஓராண்டுக்குள் தெற்கின் இளைஞர்கள் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கினர். 2020 இல் பொதுஜன பெரமுன 145 ஆசனங்களைப் பெற்றது. 2022 ஜூலையில் அதன் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. நாட்டின் மாவட்டங்களில் அக்கட்சி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அங்கே ஐந்து ஆசனங்களில் மூன்றைத் தமிழரசுக் கட்சி பெற்றது. அவர்களுள் ஒருவர் இராசமாணிக்கத்தின் பேரனார் சாணக்கியன். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலேயே முடிவுற்றிருந்தும், 2024 தேர்தல் நடைபெற்ற வேளை வரையில் அச்சபைக்குத் தேர்தல் நடத்தப்பட்டிருக்கவில்லை. 1968 இல் மாவட்ட சபைக்குக் காத்திருந்த மக்களின் வழித்தோன்றல்கள், அரை நூற்றாண்டுக்குப் பின் மாகாண சபைக்குக் காத்திருந்தனர்.

159 ஆசனங்களைக் கொண்ட அரசாங்கத்துக்குத் தமிழ்ப் பிரதிநிதிகளின் வாக்குத் தேவையில்லை. அதனாலேயே அது முன்னைய அரசாங்கங்கள் எதற்கும் கிட்டாத வாய்ப்பைப் பெற்றுள்ளது எனலாம். டட்லியைப் போலப் பின்வரிசைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆதரவுக்கு விலை கொடுத்ததாகத் தெற்கில் எவரும் பழிகூற இயலாது. கொடுப்பதாயின் நீதியின் பொருட்டே கொடுக்கலாம். வலுவற்ற அரசாங்கம் கொடுக்க இயலாது என்றும், வலுவுள்ள அரசாங்கம் கொடுக்கத் தேவையில்லை என்றும் மாறிமாறிக் கூறிவந்தால், எந்த அரசாங்கம்தான் இதனைத் தீர்க்கும்?

தமிழ்த் தரப்புக்கும் இதில் பொறுப்புண்டு. ஆதரவு கொடுக்கப்படும் நாளிலேயே சட்டமும் காலமும் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். அரசாங்கத்துடன் பேசப்படுவது யாது, பெறப்பட்டது யாது, கிடைக்காதது யாது என்பதை வாக்காளருக்கு அவ்வப்போது கணக்குக் காட்ட வேண்டும். உரிமையும் உழவனின் நெல் விலையும் இருவேறு அரசியல்கள் அல்ல என்பதையும் மறத்தலாகாது. இவற்றைச் செய்யாமையால் நேர்ந்த இழப்பைப் பட்டிருப்பு 1970 இல் காட்டிற்று. நான்கு முறை தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களிடம் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்த அந்தப் பெரியவர் ஏமாற்றியவர் அல்லர், ஏமாற்றப்பட்டவர். அவருக்குச் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலி, அடுத்த முறை கதவு தட்டப்படும்போது அவர் பெறாத உத்தரவாதத்தைப் பெற்றுக்கொண்டு கதவைத் திறப்பதே.